துறைமுகத்தின் குருதியும் மருந்தின் அளவும்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதப்பட்ட சரித்திரங்கள் பெரும்பாலும் கொடிகளின் சரித்திரங்களே. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்ததும், 1624இல் அவ்விடத்தில் கோட்டை எழுப்பியதும், 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றியதும், 1672இலும் 1782இலும் பிரெஞ்சுக்காரர் வந்துபோனதும், 1795இல் ஆங்கிலேயர் நிலைகொண்டதும், 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்ததும், 1957இல் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு மீண்டதும் பாடநூல்களில் உண்டு. எந்தக் கொடி எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்பதை நம் மாணவர் மனப்பாடமாகச் சொல்வர்.

ஆனால் அக்கொடிகளின் கீழ் வாழ்ந்த மக்களின் உடலுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. வந்த கப்பல்கள், கலந்த குடிகள், பீடித்த காய்ச்சல்கள் யாவும் தலைமுறை தலைமுறையாக அவர்கள் குருதியில் தடம் பதித்துச் சென்றிருக்கின்றன. அத்தடத்தை வாசிக்கும் வித்தையை விஞ்ஞானம் கடந்த எழுபது ஆண்டுகளிலேதான் கற்றுக்கொண்டது. இந்த வாசிப்பு வெறும் ஆராய்ச்சி விநோதமன்று. மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒரு குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் கண்டால், அக்குழந்தைக்குத் தரப்படும் மருந்து அதனைக் காக்குமா வீழ்த்துமா என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது.

ஒரே நோய், ஒரே மருந்து, ஒரே அளவு. ஒரு குழந்தை பிழைக்கிறது, மற்றொன்று மருந்தின் கடுமையைத் தாங்காது துவள்கிறது. ஏன்? “பரம்பரை” என்ற விடை இன்று உரத்துச் சொல்லப்படுகிறது. அந்த விடை எவ்வளவு தூரம் உண்மை, எந்த இடத்தில் அது அரை உண்மையாகிவிடுகிறது என்பதைச் சரித்திர வழிநின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆலைப் பெண்களின் சோகை

1947ஆம் ஆண்டுவரை, இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் இறந்துவிடும் என்பதே வைத்திய நூல்களின் தீர்ப்பாக இருந்தது. எலும்பு மச்சையில் முதிர்ந்து வெளிவரவேண்டிய வெண்குருதிக் கலங்கள், முதிராமலே பெருகி மற்றைக் கலங்களுக்கு இடமில்லாமற் செய்துவிடுவதே இந்நோய். செங்குருதிக் கலங்கள் குறையக் குழந்தை வெளிறுகிறது. குருதியை உறையச் செய்யும் சிறுதட்டுக்கள் குறைய உடலில் நீலத் தழும்புகள் தோன்றுகின்றன. நோயெதிர்க்கும் ஆற்றல் குன்றக் காய்ச்சல் விடாது தொடர்கிறது.

இந்நோய்க்கு முதன்முதலில் மாற்றுத் தந்த மருந்தின் கதை பம்பாயில், வறுமையில் வாடிய பெண்களிடையே தொடங்குகிறது. 1928இல் அங்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர், கருவுற்ற பெண்களை, சிறப்பாகப் பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்களைக் கொன்றுகொண்டிருந்த கடும் சோகையை ஆராய்ந்தார். கிருமியைத் தேடிய அவர் கண்டது சத்துக் குறைவை. ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்னும் மலிவான உணவுப்பொருள் அச்சோகையைத் தீர்ப்பதை 1931இல் அவர் உலகுக்கு அறிவித்தார். அதில் இருந்த சத்து யாது என்பது அப்போது எவருக்கும் தெரியாது.

அடுத்த காட்சி இலங்கையில் நிகழ்கிறது. 1934-35இல் இத்தீவைச் சூறையாடிய மலேரியா சுமார் 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. சூரியமல் இயக்கத்து இளைஞர் கிராமம் கிராமமாகச் சென்று நிவாரணம் செய்தனர். பட்டினியால் மெலிந்த உடலில் மருந்து மட்டும் வேலை செய்யாது என்று கண்ட அவர்களும் மருத்துவர்களும் கொயினாவோடு உணவையும் மார்மைட்டையும் வழங்கினர். அந்த அனுபவத்திலிருந்து எழுந்தவர்களே 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தனர். நோய்க்கும் வறுமைக்கும் உள்ள உறவை நூலிற் படிக்காமல் குடிசைகளிற் கண்டறிந்த தலைமுறை அது.

மார்மைட்டில் மறைந்திருந்தது போலிக் அமிலம். 1941இல் பசளிக்கீரை போன்றதொரு கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தோர், இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் அதற்குப் பெயரிட்டனர். 1945இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுகூடம் அதனைச் செயற்கையாக ஆக்கிற்று. அவ்வாய்வுகளுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியிற் கற்றவர். கதர் உடுத்தியமையால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்காளாகி முழுப் பட்டம் பெறாது வெளியேறியவர் என்று அவர் வாழ்க்கை வரலாறு கூறும். பொஸ்ரன் நகரில் சிட்னி பார்பர் என்ற மருத்துவர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குப் போலிக் அமிலத்தைச் சார்ந்த பொருள்களைக் கொடுத்துப் பார்த்தபோது நோய் தணிவதற்கு மாறாக விரைந்தது. கலம் பெருகுவதற்கு இச்சத்துத் தேவையாயின், அச்சத்தைப்போல வேடமிட்டு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் போலிப்பொருள் ஒன்று பெருக்கத்தைத் தடுக்குமன்றோ? சுப்பாராவின் குழுவினர் அத்தகைய பொருளைச் செய்து கொடுத்தனர். 1948இல் பார்பர் வெளியிட்ட அறிக்கையின்படி, அமினொப்ரெரின் என்ற அம்மருந்தைப் பெற்ற 16 குழந்தைகளில் 10 குழந்தைகள் தேறின. தேறுதல் தற்காலிகமானதே, எனினும் வைத்திய நூல்களின் தீர்ப்பு முதன்முறையாகத் திருத்தப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் சுப்பாராவ் மறைந்தார். அம்மருந்தின் உடன்பிறப்பான மெதொற்றெக்சேற் இன்றும் இந்நோய்ச் சிகிச்சையில் இன்றியமையாதது.

பொது அளவு என்னும் பிரச்சினை

தனி மருந்து ஒன்றால் இந்நோயை வெல்ல முடியாதென்பது விரைவில் தெளிவாயிற்று. 1951இல் கெர்ட்ரூட் எலியனும் ஜோர்ஜ் ஹிச்சிங்சும் 6-மேர்க்கப்ரோபியூரின் என்ற மருந்தைக் கண்டனர். 1960களின் தொடக்கத்தில், நம் கடற்கரை மணலில் தானாகப் பூத்துக் கிடக்கும் பட்டிப்பூ, அதாவது நித்தியகல்யாணிச் செடி, வின்கிறிஸ்ரீன் என்ற மருந்தைத் தந்தது. 1962இல் திறக்கப்பட்ட அமெரிக்காவின் சென் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கல் என்பவர் இம்மருந்துகளை ஒருங்கிணைத்துக் கட்டங் கட்டமாகக் கொடுக்கும் முறையை வகுத்தார். 1970களில் அங்கே பாதிக் குழந்தைகள் பிழைக்கலாயினர். இன்று செல்வ நாடுகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றன.

வெற்றி பெருகப் பெருக, எஞ்சிய தோல்விகள் துலக்கமாகத் தெரிந்தன. அவற்றை ஆராய்ந்தோர் இருவகைப் பரம்பரையலகு வேறுபாடுகளைக் கண்டனர். முதலாவது, நோயுற்ற கலத்தில் நேர்ந்த மாற்றம். இது பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வந்ததன்று. குழந்தையின் எலும்பு மச்சையில் ஏதோ ஒரு கலத்தில் புதிதாக நிகழ்ந்தது. 1960இல் பிலடெல்பியா நகரில் கண்டறியப்பட்ட சிதைந்த நிறமூர்த்தம் இதற்கு முதற் சான்று. அது குழந்தைகளின் நோயிற் காணப்பட்டால் குணம் அரிது என்றிருந்த நிலையை, 2001இல் வந்த இமாற்றினிப் என்ற மருந்து மாற்றத் தொடங்கிற்று. வேறு சில மாற்றங்களோ எளிதிற் குணமாகும் நோயைக் காட்டுவன. இரண்டாவது வகை, குழந்தை பிறக்கும்போதே உடலெங்கும் கொண்டுவருவது. மருந்தை உடல் எவ்வாறு கையாளும் என்பதை இது தீர்மானிக்கிறது. துறைமுகத்தின் சரித்திரம் நமக்கு விளங்க வருவது இந்த இரண்டாம் வகையிலேதான்.

காய்ச்சல் விட்டுச்சென்ற தடம்

மருந்து ஒருவருக்கு ஒருவர் மாறுபடுவதன் பரம்பரைக் காரணத்தை விஞ்ஞானம் கற்றுக்கொண்ட இடங்களுள் முக்கியமான ஒன்று ஒரு சிறைச்சாலை. இரண்டாம் உலக யுத்தத்தில், வெப்ப நாடுகளிற் போரிட்ட படைகளுக்கு மலேரியா மருந்து அவசரமாக வேண்டியிருந்தது. திருகோணமலை போன்ற தளங்களை வைத்திருந்தவர்களுக்குக் கொசு பெரும் பகையாக இருந்தது. ஆகவே அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து ஸ்ரேற்வில் சிறையில், கைதிகளுக்கு மலேரியாவை ஏற்றி மருந்துகளைச் சோதித்தனர். சிறைக்குள் இருப்பவனின் சம்மதம் எத்தகைய சம்மதம் என்ற கேள்வி இன்றும் தீரவில்லை. பிறைமாகுயின் என்ற மருந்து, கறுப்பினக் கைதிகள் சிலரின் செங்குருதிக் கலங்களை உடைப்பதை அங்கே கண்டனர். ஜீ.6.பீ.டீ. என்ற நொதியம் அவர்களிடம் குறைந்திருப்பதே காரணம் என 1956இல் தெளிவாயிற்று. மருந்துக்கும் பரம்பரைக்கும் உள்ள உறவை ஆராயும் துறைக்கு 1959இல் தனிப்பெயரே வந்துவிட்டது.

இக்குறைபாடு ஏன் சில நாடுகளில் மிகுந்தும் சில நாடுகளில் அரிதாயும் இருக்கிறது? இதற்கு வழிகாட்டிய சிந்தனை ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற மார்க்சிய விஞ்ஞானியுடையது. பிற்காலத்தில் இந்தியாவைத் தாயகமாகக் கொண்டு 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்த அப்பேரறிஞர், மலேரியா நிலைத்திருக்கும் நாடுகளில் அதற்கு ஓரளவு தடையாகும் குருதிக் குறைபாடுகள் அழியாது நிலைபெறும் என்று 1949 அளவிலேயே கூறினார். ஜீ.6.பீ.டீ. குறைபாடும் அவ்வகையினதே எனப் பின்னர் அறியப்பட்டது. திருகோணமலையைச் சூழ்ந்த வரண்ட வலயம் நூற்றாண்டுகளாக மலேரியாவின் நிரந்தர வாசத்தலம். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா ஒழிந்த நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கொசு தோற்றது, ஆனால் அது நம் குருதியில் விட்டுச்சென்ற தடம் இருக்கிறது. இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையின் தொடக்கத்தில், சிதையும் கலங்களிலிருந்து பெருகும் யூரிக் அமிலத்தைக் கரைக்கத் தரப்படும் ரஸ்பூரிக்கேஸ் என்ற மருந்து, ஜீ.6.பீ.டீ. குறைபாடுள்ள குழந்தையின் செங்குருதிக் கலங்களை உடைத்துவிடும். பாட்டன் காலத்துக் காய்ச்சல் பேரனின் மருந்துச் சீட்டில் இவ்வாறு தலையிடுகிறது.

அளவுகோல் யாருடைய உடல்?

6-மேர்க்கப்ரோபியூரினின் கதை இதனினும் பாடமானது. நோய் அடங்கியபின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் வீட்டிலேயே விழுங்கவேண்டிய மருந்து அது. அளவு குறைந்தால் நோய் திரும்பும். கூடினால் எலும்பு மச்சை வாடி, சிறு தொற்றுக்கூட உயிரைக் குடிக்கும். உடலில் இம்மருந்தை அடக்கும் நொதியங்களுள் ஒன்றின் பரம்பரை வேறுபாட்டை 1980இல் அமெரிக்காவின் வைன்ஷில்பௌம் கண்டறிந்தார். டீ.பீ.எம்.டீ. எனப்படும் அந்நொதியம் ஐரோப்பிய வழியினரில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவரிடம் இல்லவே இல்லை. பத்தில் ஒருவரிடம் குறைவு. இதை முன்கூட்டிச் சோதித்தறிந்து அளவைக் குறைக்கும் வழக்கம் மேல்நாடுகளிற் பரவிற்று.

ஆனால் ஆசியக் குழந்தைகள் பலர், இந்நொதியத்திற் குறைவில்லாதபோதும் பொது அளவைத் தாங்காது துவண்டனர். அதன் காரணம் 2014இல் கொரியாவிலேதான் வெளிப்பட்டது: என்.யூ.டி.டி.-15 என்ற வேறொரு பரம்பரையலகு. 2015இல் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு திகைக்க வைப்பது. இம்மாற்றம் இல்லாத குழந்தைகள் விதித்த அளவில் சராசரி 83 சதவீதத்தைத் தாங்கினர். தாய் தந்தை இருவருள் ஒருவரிடமிருந்து பெற்றவர்கள் 63 சதவீதத்தை. இருவரிடமிருந்தும் பெற்றவர்களோ 8 சதவீதத்தை மட்டுமே. அதாவது, பொது அளவு இவர்களுக்குப் பன்னிரு மடங்கு அளவாயிருந்தது! ஐரோப்பிய வழியினரில் இம்மாற்றம் உடையோர் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. தென்னாசியரில் பத்தில் ஒருவருக்கு மேல்.

இங்கேதான் ஆசிரியரும் மாணவரும் சற்று நின்று சிந்திக்கவேண்டும். “பொது அளவு” என்று உலகுக்கெல்லாம் எழுதப்பட்டது, பெரும்பாலும் ஐரோப்பிய வழிவந்த குழந்தைகளின் உடலில் அளந்து பெறப்பட்ட அளவு. நம் குழந்தை அதைத் தாங்காதபோது குறை குழந்தையின் உடலில் இருப்பதாகத் தோன்றிற்று. உண்மையிற் குறை அளவுகோலில் இருந்தது. 2015இல் நிறைவுற்ற “ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டம்” உலகின் 26 மக்கட் பிரிவுகளிலிருந்து 2,504 பேரின் பரம்பரையலகுகளைப் பதிவு செய்தது. அவற்றுள் இலங்கைத் தமிழர் என்றும் ஒரு பிரிவு உண்டு. அந்த நூற்றுச் சொச்சம் பேரின் குருதி எடுக்கப்பட்ட இடம் பிரித்தானியா. நாட்டைவிட்டுப் பெயர்ந்த பின்னரே நம் குருதி உலகக் கணக்கில் ஏறிற்று என்பதில் ஒரு சரித்திரமே அடங்கியிருக்கிறது.

இனத்தின் பெயரால்

ஆயின், இதிலிருந்து “இன்ன இனத்தாருக்கு இன்ன மருந்து” என்ற முடிவுக்குப் பாய்வோர் உளர். அது பழைய இனவாதத்துக்கு ஆய்வுகூட அங்கி உடுத்துவதாகும். பத்தில் ஒருவருக்கு என்பது ஒரு மக்கட் கூட்டத்தின் கணக்கு. சிகிச்சைக்கு வந்திருக்கும் குழந்தையின் கணக்கன்று. ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணனிடம் இம்மாற்றம் இருக்கும், தங்கையிடம் இராது. திருகோணமலையே இதற்குத் தக்க சான்று. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், ஈச்சிலம்பற்றுப் பக்கத்துக் கரையோர வேடர், பறங்கியர் என்று நாம் பெயரிட்டு வகுத்திருக்கும் மக்கள் அனைவரும், கப்பல்கள் ஓயாது வந்துபோன ஒரு துறைமுகத்தின் பிள்ளைகள். பரம்பரையலகுகள் அவர்களுடைய அடையாள அட்டையைப் பார்த்து இடம்பெயர்ந்தவை அல்ல. குழந்தையின் பெயரைக் கேட்டு அளவு குறிப்பது விஞ்ஞானமாகாது; அதன் ஒரு துளிக் குருதியைச் சோதித்து அளவு குறிப்பதே விஞ்ஞானம்.

பரம்பரையை மாறாத விதியாகக் கொள்வதும் தவறே. 2011இல் 2,500க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வொன்று, அமெரிக்கப் பழங்குடி வழிக் கூறு மிகுந்த குழந்தைகளிடம் நோய் திரும்புவது கூடுதல் என்று கண்டது. அத்தோடு நில்லாது மற்றோர் உண்மையையும் கண்டது: சிகிச்சையில் ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்க்கப்பட்டபோது அவ்வேறுபாடு மறைந்துவிட்டது. 2012இல் வெளிவந்த வேறோர் ஆய்வு, 6-மேர்க்கப்ரோபியூரினை நூற்றுக்கு 95 நாளேனும் தவறாது விழுங்காத குழந்தைகளுக்கு நோய் திரும்பும் அபாயம் கூடுவதைக் காட்டிற்று. தனித்த தாய் ஒருத்தி குடும்பத்தைச் சுமக்கும் வீடுகளில் இத்தவறுதல் மிகுதி. வேலைக்கும் வீட்டுக்கும் இடையே ஓடும் தாயின் நேரமின்மையும் குழந்தையின் குருதியிற் சென்று பதிகிறது என்பதே இதன் பொருள்.

தூரமும் ஒரு நோயே

இந்தியாவின் அனுபவம் இதை உறுதிப்படுத்தும். 1984இல் சென்னை அடையாற்றுப் புற்றுநோய் நிலையமும், பம்பாய் ராற்றா நினைவு மருத்துவமனையும், டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் ஒரே சிகிச்சைத் திட்டத்தை மேற்கொண்டன. அதற்கு முன் ஐந்தில் ஒன்றளவே பிழைத்த நிலை மாறி, ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் பிழைக்கலாயினர். அக்குழந்தைகளின் பரம்பரையலகுகள் 1984இல் மாறிவிடவில்லை, அமைப்பு மாறிற்று. அப்பொழுதும் செலவைத் தாங்காமலும் தூரத்தைக் கடக்க முடியாமலும் சிகிச்சையை நடுவில் விட்டுப்போன குடும்பங்கள் பல.

நம் நாட்டில் அரச மருத்துவம் இலவசம். இது போராடிப் பெற்ற பெருஞ்செல்வம். எனினும் குழந்தைகளின் புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் தலையாய இடம் மகரகம அபேக்ஷா வைத்தியசாலையே. திருகோணமலையிலிருந்து அது 250 கிலோமீற்றருக்கும் அப்பால். மருந்து இலவசம்; பயணம் இலவசமன்று. மீன்பிடிக்குச் செல்லாத நாளுக்கும், வயலில் இறங்காத நாளுக்கும் கூலி தருவார் இல்லை. யுத்தகாலத்தில் இத்தூரத்துக்குச் சோதனைச் சாவடிகளும் மூடிய பாதைகளும் கூடின. 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது மருந்தே கிடைக்காத நிலை அரச வைத்தியசாலைகளை வாட்டிற்று. டொலர் இல்லாமையால் வந்த மருந்துத் தட்டுப்பாடு எந்தப் பரம்பரையலகைச் சேர்ந்தது?

உலகக் கணக்கும் இதையே கூறுகிறது. புற்றுநோய் கண்ட குழந்தைகளில் செல்வ நாடுகளில் நூற்றுக்கு 80க்கு மேற்பட்டோர் பிழைக்க, ஏழை நாடுகளில் 30க்கும் குறைவானோரே பிழைக்கின்றனர். 2030க்குள் உலகெங்கும் 60 சதவீதத்தையேனும் எட்டவேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2018இல் இலக்கு வைத்தது. இந்த இடைவெளியின் பெரும்பகுதியை மனிதர் உண்டாக்கினர். மனிதரே அகற்றவும் கூடும்.

ஆகவே நாம் கேட்கவேண்டியவை தெளிவானவை. சிகிச்சை தொடங்குமுன் ஒவ்வொரு குழந்தைக்கும், அது எக்குடியிற் பிறந்ததாயினும், ஜீ.6.பீ.டீ., டீ.பீ.எம்.டீ., என்.யூ.டி.டி.-15 ஆகிய மூன்றும் அரச செலவில் சோதிக்கப்பட வேண்டும். வீட்டிலிருந்து மருந்துண்ணும் இரண்டாண்டுக் காலத்திற் குருதிக் கணக்கெடுப்பு மாவட்டத்திலேயே ஒழுங்காக நடந்து, அதற்கேற்ப அளவு கூட்டவோ குறைக்கவோ படவேண்டும். பரம்பரைச் சோதனை எட்டாத இடத்திலும் எண்ணற்ற குழந்தைகளைக் காத்தது இந்த எளிய கணக்கெடுப்பே. மகரகம செல்லும் குடும்பத்துக்குப் பயணச் செலவும் தங்குமிடமும் உரிமையாக வேண்டும். வெளிறிய முகமும், காரணமில்லாத நீலத் தழும்பும், விடாத காய்ச்சலும் கண்ட மாணவனை உடனே வைத்தியரிடம் அனுப்பும் அறிவு ஒவ்வோர் ஆசிரியரிடமும் இருக்க வேண்டும்.

பம்பாய் ஆலைப் பெண்களின் சோகையிலிருந்து பிறந்த அறிவு அது. சிறைக் கைதிகளின் உடலில் சோதித்துப் பெற்ற அறிவு அது. மலேரியாவில் மடிந்த நம் முன்னோரின் குருதி சாட்சியம் சொல்லும் அறிவு அது. விலை கொடுத்தவர்கள் உழைக்கும் மக்கள். அதன் பயன் அவர்களுடைய குழந்தைகளுக்குக் கிட்டும்வரை இந்தச் சரித்திரம் முற்றுப்பெறாது.